மரியகுழந்தை கடையின் மணியும் வெல்லமும்

வெள்ளை நூல் வாங்கப் போய் வெண்கல மணியோடு வீடு திரும்பியவள் மரியகுழந்தை. கோலார் தங்கவயலில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இங்கிருந்து தொடங்குவதில்லை. எடுத்த எடுப்பிலேயே வெல்லத்துக்குப் போய்விடுவார்கள். அவசரக்காரர்கள்! மணி இல்லாமல் வெல்லம் ஏது?

பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாதா கோயில் பீடத்துத் துணிக்கு ஓரம் தைக்க நூல் இல்லை என்று சாமியார் அவளைப் பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற தண்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரிய கடை. வாசலில் கால் வைத்ததும் ஒருவன் அவள்மேல் பன்னீர் தெளித்தான். இன்னொருவன் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தான். பிறந்ததிலிருந்து அவளை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. யாராவது விலை உயர்ந்த சாமான் வாங்கினால் கடைக்காரர் ஒரு மணியைக் கிணீர் என்று அடிப்பார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பி, வாங்கினவரை ஜமீன்தாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மரியகுழந்தைக்கும் ஒரே ஒரு தடவை அப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நூலுக்கெல்லாம் அவர் மணி அடிப்பதாகத் தெரியவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் அந்த மணியையே கேட்டாள். அவரும் நூல் காசை வாங்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டார். மணி இவள் கைக்கு வந்துவிட்டதால் அடிப்பதற்கு அங்கே மணி இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியாரிடம் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் பீடத்துத் துணி ஓரம் பிரிந்தே கிடந்தது.

வேறொருத்தியாக இருந்தால் ரயில் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டு வந்திருப்பாள். மரியகுழந்தை மணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடி வந்தாள். ஏனென்றால் அவளும் கடைக்காரிதான். சுரங்கத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனின் முனையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக் கடை. உப்பு, புகையிலை, கருவாடு, சீப்பு, மண்ணெண்ணெய், பேத்தமங்களாவிலிருந்து மாட்டு வண்டியில் வரும் அச்சு வெல்லம். ஈக்கு மட்டும் அந்தக் கடைமேல் தீராத பிரியம். மனுஷர்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் இன்பராஜிடம் சொன்னாள். "அந்தக் கடைக்காரன் என் மூக்காண்ட பேசினான்யா. என் காதாண்ட பேசினான். குந்துற எடத்தாண்ட கூடப் பேசினான். என்னாண்ட ஒரு வார்த்த பேசல. இதான்யா வேபாரம்!"

"இன்னாமே ஒளர்ற?" என்றான் இன்பராஜ். "நூல் எங்க?"

இன்பராஜ் பூமிக்கடியில் வெடிக்குத் துளை போடுகிறவன். நல்ல உடம்பு, நல்ல குணம், கொஞ்சம் மந்தம். அவன் தம்பியும் அதே வேலைதான் செய்தான். முந்தின வருஷம் ஒரு நாள் காலையில் இரும்புக் கூண்டில், அதாவது அங்கே எல்லோரும் கேஜ் என்று சொல்வதில், நின்றுகொண்டு இறங்கினவன், சாயங்காலம் சாக்கில் ஏறி வந்தான். அன்றிலிருந்து மரியகுழந்தைக்குப் பயம். அண்ணனும் ஒரு நாள் அப்படி வருவான் என்ற பயம். ஷிப்டு முடிந்து அவன் தலை தெரியும்வரை சோறு இறங்காது. வேலையை விட்டுவிடு என்று கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"உன் கட நம்ப ரெண்டு பேர் வயித்துக்கு ஆவட்டும்மே. அன்னிக்கே மேல வந்துர்றேன்" என்பான் இன்பராஜ். ஈயைப் பார்த்துக்கொண்டே சொல்வான்.

ஆக, அந்தக் கடை நடந்தால் இன்பராஜ் பிழைப்பான், நடக்காவிட்டால் கேஜ். மரியகுழந்தைக்கு உலகமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் பின்னால் செய்த கிறுக்குத்தனத்தையெல்லாம் அத்தனை சிரத்தையாகச் செய்தாள்.

முதலில் மூக்கு. ஷிப்டு விடுகிற நேரம் பார்த்துக் கடை வாசலில் அடுப்பைப் போட்டு நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். அந்த வாசனைக்கு, அங்கே பிழைக்க வந்திருக்கிற வட ஆற்காட்டுக்காரன் பிணமாக இருந்தாலும் எழுந்து சோறு கேட்பான் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். வெடிமருந்துப் புகையில் நாளெல்லாம் கிடந்து வருகிறவர்களுக்கு மூக்கு என்பது முகத்தில் இருக்கிற ஒரு மேடு, அவ்வளவுதான். பக்கத்திலேயே பிணம் நாறினாலும் தெரியாது. ஒருவர் பின் ஒருவராக அடுப்பைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் மட்டும் நின்றான். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, நெருப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். லைனில் இருக்கிற நாய்கள் வந்தன. சுரங்கத்துக்கு மேலாளான வெள்ளைக்காரர் கேப்டன் துரை வளர்க்கிற வெள்ளை நாயும் வந்தது. அது மட்டும் போகவே இல்லை.

மூக்கு செத்தால் என்ன, கண் இருக்கிறதே என்று அடுத்த வாரம் கடை முகப்பில் தன் கல்யாணச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். நல்ல ரத்தச் சிவப்பு. காற்றில் அது படபடக்கிற அழகைப் பார்த்து அவளே சொக்கிப்போனாள். ஷிப்டு விட்டது. ஆட்கள் வந்தார்கள். லைன் முனை திரும்பி, சேலையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! முன்னால் வந்தவன் "வெடி!" என்று கத்திக்கொண்டு குப்புற விழுந்தான். பின்னால் வந்தவர்கள் பாறை மறைவுக்கும் சாக்கடைக்கும் பாய்ந்தார்கள். சிவப்புத் துணி பறந்தால் கல் உடைக்க மருந்து வைத்திருக்கிறது, பற்ற வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரிக்கு மட்டும் அந்த நேரத்தில் எப்படி மறந்ததோ!

காதைப் பொத்திக்கொண்டு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வெடி வெடிக்கிற வழியாக இல்லை. வெடிக்காத மருந்துதான் இருப்பதிலேயே ஆபத்து என்பதால் ஒருவனும் எழவில்லை. சாக்கடையில் கிடந்த இன்பராஜ், "மரியகொழந்த! வெளிய வந்துரு! கடையில மருந்து வெச்சுட்டாங்க!" என்று கதறினான்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! என் கண்ணாலப் பொடவய்யா அது!"

இன்பராஜ் மட்டும் எழுந்து வந்தான். மற்றவர்கள் சுற்று வழியாக வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் முழுக்கச் சுற்று வழியாகவே போனார்கள்.

பாக்கி இருந்தது காது. பெட்டிக்கு அடியில் கிடந்த வெண்கல மணியை எடுத்துத் துடைத்து, கடை உத்தரத்தில் கட்டினாள். தண்டில் கேட்ட மாதிரியே கிணீர், கிணீர், கிணீர் என்று மூன்று தடவை அடித்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் கேஜை ஓட்டுகிற இஞ்சின்காரனுக்கு கேஜ் கண்ணில் படாது. மணிதான் அவனுக்கு எல்லாம். மூன்று தடவை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள். இரண்டு அடித்தால் இறக்கு. ஒன்று அடித்தால் நிறுத்து. ஆட்களுக்கும் அதே பாஷைதான். மணி கேட்டு, அது என்ன என்று யோசித்து, அப்புறம் காலை எடுத்து வைக்கிறவன் அங்கே அதிக நாள் இருப்பதில்லை. அதனால் மணி காதில் விழுந்ததும் மூளையைக் கேட்காமல் கால் தானாகப் போகும்.

கால்கள் போயின. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, அப்படியே திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். கடை நிரம்பிவிட்டது! மரியகுழந்தைக்கு ஆனந்தத்தில் கண்ணீரே வந்துவிட்டது. "இன்னா வேணும் அண்ணே? பொகையில எடுத்துக்கிறியா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவனும் கையை நீட்டவில்லை. கேஜிலிருந்து கையை நீட்டினால் பாறை வாங்கிக்கொண்டு போய்விடும் அல்லவா! கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, எதிரே இருந்த சீப்பைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள்.

தவறிப்போய் அவள் கை பட்டு மணி இரண்டு தடவை அடித்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கிக் கொடுத்தார்கள். "அம்மாடி, இன்னிக்கு வேகமா எறக்குறான்" என்றான் காத்தவராயன். அவன் இன்பராஜோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன், இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன். அவனுக்கு வயிற்றைப் புரட்டி, உப்பு மூட்டைமேல் சாய்ந்துவிட்டான்.

பயந்துபோய் ஒரு தடவை அடித்தாள். எல்லோரும் நிதானமாக வெளியே இறங்கினார்கள். இறங்கி வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்தார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? தங்கம் எடுக்கிற இடம். கேஜிலிருந்து வெளியே வருகிறவனை வாட்ச்மேன் சோதனை போடாமல் விடமாட்டான். மடி, முண்டாசு, கடைசியில் வாய். நாக்குக்கடியில் பொட்டுத் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகச் சொல்வான். வருஷக்கணக்காக இது நடக்கிறது. ஒரு மணி, வெளியே வா, கையைத் தூக்கு, வாயைத் திற.

மரியகுழந்தை அந்த வாய்களைப் பார்த்தாள். பக்கத்தில் அச்சு வெல்லம் இருந்தது. உடைத்து ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டு போட்டுக்கொண்டே போனாள்.

யோசித்துச் செய்ததல்ல. திறந்த வாயைப் பார்த்தால் எதையாவது போடத் தோன்றும், பெண் ஜென்மத்துக்கு அது ஒரு வியாதி. ஆனால் அந்த வெல்லம் செய்த வேலை இருக்கிறதே! மருந்துப் புகையில் கசந்துபோன வாயில் அது கரைந்ததும் ஆட்களுக்கு முகமே மாறிவிட்டது. கண் விழித்தவர்கள் மாதிரி சுற்றிலும் பார்த்தார்கள். பசி வந்தது. ஆசை வந்தது. கைகள் தலைக்குமேல் சும்மாதானே இருந்தன? ஒரு கையில் புகையிலையும் மறு கையில் கருவாடும் வைத்தாள். பிடித்துக்கொண்டார்கள். காசும் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து கடை பிய்த்துக்கொண்டு போயிற்று. தினமும் மூன்று, இரண்டு, ஒன்று, வெல்லம். மொட்டைத் தலையன் ஒருவன் சீப்பு வாங்கினான், மறுநாள் மறுபடி வாங்கினான். கல்யாணமாகாதவன் தொட்டில் கயிறு வாங்கிப் போனான். இன்பராஜும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தன் கடைக் கருவாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கி, "நல்ல கருவாடு கெடச்சுதுமே" என்று பெண்டாட்டியிடமே கொண்டுவந்து நீட்டினான்.

"நம்ப ரெண்டு பேர் வயித்துக்கு ஆச்சா?" என்று அவள் கேட்டாள்.

"ஆச்சுதான்" என்று ஒப்புக்கொண்டான். அடுத்த நாள் முதல் அவன் இறங்கவில்லை. மரியகுழந்தை முதல் முறையாக மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டாள். எதிரே அவன் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை.

ஆனால் நல்லது நாலு நாள் தங்குமா? பேராசைப்பட்டுக் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் மணி அடித்தாள். அவர்களும் ஏறினார்கள், முழங்கால் மடித்தார்கள், இறங்கினார்கள், வாயைத் திறந்தார்கள், வெல்லம் தின்றார்கள். தின்றுவிட்டு, ஷிப்டு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். "இன்னிக்கு வேல சீக்கிரமா ஓடிப்போச்சு" என்று காத்தவராயன் பெண்டாட்டி கிருஷ்ணம்மாவிடம் சொன்னானாம். சுரங்கத்தில் ஆள் இல்லை. இஞ்சின் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

கேப்டன் துரை வந்தார். அவர் சீமையில் சின்ன வயசிலிருந்தே சுரங்கத்தில் கிடந்தவர். முகம் தக்காளி மாதிரி சிவந்து, கடையை நோக்கிக் கத்திக்கொண்டே வந்தார். மரியகுழந்தைக்குக் கை கால் உதறியது. உதறின கை மணிக் கயிற்றில் இருந்தது. கிணீர், கிணீர், கிணீர்.

துரை கத்துவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். தலையைக் குனிந்து உள்ளே வந்து, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, உப்பு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே அடக்கமாக நின்றார். அவருடைய வெள்ளை நாயும் காலடியில் வந்து நின்றது. எத்தனை நேரம் நிற்பாரோ தெரியாமல், அவளாகவே பார்த்து ஒரு தடவை அடித்து அவரை இறக்கிவிட்டாள். துரையை யார் சோதனை போடுவது? அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. மரியாதைக்கு ஒரு துண்டு வெல்லத்தை இலையில் வைத்துக் கொடுத்தாள். தின்றார். அப்புறம்தான் அவருக்கு நடந்தது புரிந்தது. மணியைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மணி போனதும் கூட்டமும் போயிற்று. திரும்பவும் ஈ. இன்பராஜ் அன்று சாயங்காலம்வரை பார்த்தான். அப்புறம் முண்டாசுத் துணியைத் தேடி எடுத்து உதறினான். அந்தத் துணி உதறுகிற சத்தம் கேட்டு மரியகுழந்தை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவன் ஷாப்ட் வாசலில், அதாவது கேஜ் இறங்குகிற குழியின் வாசலில், மற்றவர்களோடு நின்றான். அவளும் பின்னாலேயே போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கேஜ் வந்தது. மணிக்காரன் மூன்று தடவை அடித்தான். ஒருவனும் ஏறவில்லை. அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே கைகளைத் தூக்கி, வாயை ஆவென்று திறந்தார்கள்.

திரும்ப அடித்தான். வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. கேப்டன் துரை மிரட்டினார், கெஞ்சினார், ஒருவனைப் பிடித்துத் தள்ளினார். தள்ளப்பட்டவன் வாயைத் திறந்தபடியே திரும்பி வந்து நின்றான். அவர்கள் பேரில் தப்பில்லை. மணி என்றால் வெல்லம் என்று பழகிவிட்ட அவர்கள் காலும் வாயும் இப்போது வேறு ஒருத்தியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன.

துரைக்கு வேறு வழி தெரியவில்லை. வேலியைப் பார்த்து, "ஏய் வெல்லம் அம்மா! இங்கே வா!" என்றார்.

அவள் ஓடவில்லை, நிதானமாகத்தான் போனாள். "வர்றேன் தொரை. ஆனா வெல்லக் கூட தூக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு என் வூட்டுக்காரர் மேலயே இருக்கணும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்! ஜல்தி!"

அப்படித்தான் சுரங்கத்தில் இல்லாத ஒரு உத்தியோகம் உண்டாயிற்று. தினமும் காலையில் ஷாப்ட் வாசலில் இன்பராஜ் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மணி அடிக்கும். வாய்கள் திறக்கும். மரியகுழந்தை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போடுவாள். போட்ட வாய் மூடும், கால் கேஜுக்குள் போகும். முன்பு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினவர்கள் இப்போது நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இறங்கினார்கள். உடம்புக்கு முடியாதவன்கூட வந்தான். துரைக்குப் பரம சந்தோஷம். மரியகுழந்தைக்கும்தான், இல்லை என்று சொன்னால் பொய். அவள் ஆள் மேலே இருந்தான்.

ஒரு சாயங்காலம் கிருஷ்ணம்மா கடைக்கு வந்தாள். நிறைமாதம். வாங்க ஒன்றும் இல்லை, சும்மா நின்றாள்.

"இன்னாம்மே கிருஷ்ணம்மா? மொகம் வாட்டமாக் கீது?"

"அவருக்கு ராத்திரியெல்லாம் இருமல்க்கா. கீழ மேக்கூர வேற உதுருதாம். போவாதேன்னா, சரி போவலன்னுதான் சொல்றாரு. காலீல மணி அடிச்சா எழுந்து ஓடறாரு. அந்த வெல்லத்துக்கோசரம் ஓடறாருக்கா."

மரியகுழந்தை உப்பு மூட்டையை இழுத்துப் போட்டும் கிருஷ்ணம்மா உட்காரவில்லை.

"நீ எல்லாருக்கும் போடு. நான் வேணாம்னு சொல்லல. எம் புருஷன் வாய்ல மட்டும் போடாதக்கா."

அவள் போன பிறகு இன்பராஜ் சோறு கேட்டான். மரியகுழந்தை போட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். அன்றைக்கு அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தன்னுடைய ஒருவனை மேலே தூக்கிவிட்டு, ஊரான் வீட்டு ஆண்பிள்ளைகளைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, சொல்ல முடியாத வெட்கம்.

மறுநாள் காலை மணி அடித்தது. வாய்கள் திறந்தன. போட்டுக்கொண்டே வந்தவள் காத்தவராயனிடம் வந்ததும் அவனைத் தாண்டி அடுத்தவனுக்குப் போனாள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். காத்தவராயன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு, குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு வெளியே நின்றான்.

"அவனுக்கு?" என்றார் கேப்டன் துரை.

"வெல்லம் தீந்துபோச்சு தொரை."

துரை கூடையைப் பார்த்தார். கூடை நிறைய வெல்லம். இன்பராஜும் கூடையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மெதுவாகத் துணியை இழுத்து மூடினான். மந்தம்தான், ஆனால் சில நேரம் புரிந்துவிடும்.

துரை பல்லைக் கடித்தார். "கேஜில் ஒரு ஆள் குறைகிறது. அவன் போகாவிட்டால் நீ ஏறு!" என்று இன்பராஜைக் காட்டினார். மணிக்காரன் திரும்ப மூன்று தடவை அடித்தான். இன்பராஜ் என்ன செய்வான், பாவம்! அவன் காதிலும் மணி விழுந்தது. கூடையைக் கீழே வைத்தான். கையைத் தூக்கினான். பெண்டாட்டியைப் பார்த்து வாயைத் திறந்தான்.

மரியகுழந்தை கையில் கடைசியாக எடுத்த ஒரு துண்டு இருந்தது. இந்தப் பக்கம் காத்தவராயன் வாய், அந்தப் பக்கம் புருஷன் வாய். அவள் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, சேலையை வரிந்து செருகி, கேஜுக்குள் ஏறி நின்றாள்.

ஐயோ, அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல்! பெண்பிள்ளை கேஜில் ஏறினால் பாறைக்கு ஆகாது, மேற்கூரை இறங்கிவிடும் என்பது அங்கே வேதவாக்கு. மாரியம்மனைக் கும்பிடுகிறவனும் மாதாவைக் கும்பிடுகிறவனும் அந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி. உள்ளே நின்றவர்கள் வெல்லத்தைத் துப்பிவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே பாய்ந்தார்கள். மணிக்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிக்கொண்டவன் கை, பழக்கதோஷத்தில், இரண்டு தடவை அடித்தது.

கேஜ் இறங்கியது. அவள் ஒருத்தி மட்டும். வெளிச்சம் தலைக்குமேல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போயிற்று. காது அடைத்தது. இன்பராஜ் இத்தனை வருஷம் இதற்குள்தான் போய்வந்தான் என்று நினைத்து, அந்த இருட்டில் வாய்விட்டு அழுதாள். வாயில் வெல்லம் இனித்துக்கொண்டே இருந்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கீழே கேஜ் நின்றதும், மேலே வரக் காத்திருந்த ராத்திரி ஷிப்டுக்காரர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளைப் பார்த்துவிட்டு, அலறிக்கொண்டு சுரங்கத்தின் கோடிக்கே ஓடிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் மணி அடித்து, அவளைத் தனியாகவே ஏற்றிக்கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் அந்த ஷாப்டில் ஒருவனும் இறங்கவில்லை. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் ஏணி வழியாக ஏறி வந்தார்கள். கேஜைக் கழுவினார்கள், எலுமிச்சை வெட்டினார்கள், ஆடு வெட்டினார்கள், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அதன் பிறகுதான் ஆட்கள் மனசில்லாமல் ஏறினார்கள். காத்தவராயனும் இருமிக்கொண்டே ஏறினான். வெல்லம் என்றாலே இப்போது எல்லோருக்கும் நடுக்கம் என்பதால், வெல்லம் இல்லாமலே ஏறினார்கள்.

மரியகுழந்தை ஷாப்ட் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். கூடை உத்தியோகம் போயிற்று. இன்பராஜ் பழைய வேலைக்கு வருகிறேன் என்று போய் நின்றான். அவன் கேஜில் கால் வைத்ததும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பெண்பிள்ளை ஏறின கேஜைக் கழுவலாம், அவளைக் கட்டினவனை எப்படிக் கழுவுவது? அவன் நிற்கிற கேஜில் எவனும் நிற்க மாட்டான். துரை தலையைச் சொறிந்துகொண்டு, மேலே கல் பொறுக்கும் இடத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். சாகும்வரை கேஜ் பக்கம் வராதே என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் இன்பராஜ் வெயிலில் கருத்துப்போய், கல் தூசியோடு சாப்பிட வந்தான். மரியகுழந்தை அவனுக்குச் சோறு போட்டாள்.

ஆண்கள் யாரும் அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை. சுற்று வழியாகப் போனார்கள். ஒரு நாள் கிருஷ்ணம்மா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். எதுவும் வாங்க வரவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. வெளியே கல் பொறுக்குகிற இடத்தில் இன்பராஜ் குனிந்து நிமிர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "அந்தக் கேஜுல ஏறணும்னா இன்னா பண்ணணும்? நான் ஒரே ஒரு தபா ஏறிட்டு எறங்கிடறேன்."

மரியகுழந்தை பதில் சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தாள். கிருஷ்ணம்மாவுக்குப் பின்னால், மணியும் வாசனையும் சிவப்புத் துணியும் எதுவும் இல்லாமலே, லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் தெருவடைக்க வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.